ஓய்வு கேட்டாரா, ஓய்வில் தள்ளப்பட்டாரா? பகவான் தாஸ் வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலையில் இருக்கும்போது ஒருவருக்குக் கண் போய்விட்டால், கால் போய்விட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி "பென்ஷன் எவ்வளவு வரும்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வேலை போய்விட்டது என்று யார் சொன்னது?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஒரு குடும்பம் பதினோரு ஆண்டுகள் சம்பளமின்றித் தவித்தது. அந்தக் கதைதான் பகவான் தாஸ் எதிர் பஞ்சாப் மாநில மின்வாரியம் என்ற வழக்கு. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜி.பி. மாத்தூர், அஃப்தாப் ஆலம்.

நடந்தது இதுதான். பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்தவர் பகவான் தாஸ்; நான்காம் நிலை ஊழியர். 1994 ஜனவரியில் இரண்டு கண்களிலும் பார்வை முழுமையாகப் போனது. லைன்மேனின் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: கம்பம் ஏறுவது, கம்பி இழுப்பது, ஃபியூஸ் போடுவது. அதை இனி அவரால் செய்ய முடியாது. அலுவலகத்துக்குப் போகவில்லை. வாரியம் என்ன செய்தது என்றால், வேலைக்கு வரவில்லை என்று சார்ஜ் மெமோ கொடுத்தது.

1996 ஜூலையில் அவர் பதில் எழுதினார். ஏன் வரவில்லை என்பதற்கான விளக்கக் கடிதம் அது. பார்வை போனதைச் சொன்னார், நிலைமையைச் சொன்னார், தான் ஓய்வு பெற விரும்புவதாகவும், தன் இடத்தில் மனைவிக்குப் பொருத்தமான வேலை ஒன்று தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதம் எழுதப்பட்டதற்கு ஐந்து மாதம் முன்பே, 1996 பிப்ரவரி 7 அன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புகள், உரிமைப் பாதுகாப்பு, முழுப் பங்கேற்புச் சட்டம் 1995 நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 47-ஆம் பிரிவு தெளிவானது. பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக்கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பார்த்துவந்த வேலை இனி பொருந்தாது என்றால் அதே ஊதிய விகிதத்தில், அதே பணிப்பயன்களோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடமும் இல்லையென்றால் சூப்பர்நியூமரரி பணியிடம் ஒன்றில், அதாவது அவருக்காகவே உருவாக்கும் கூடுதல் இடத்தில், பொருத்தமான வேலை கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை வைத்திருக்க வேண்டும்.

அந்த ஊழியருக்கு இது தெரியாது. அதிகாரிகளுக்குத் தெரியும். தெரிந்தும் மறுத்தார்கள் என்பதுதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் தொடக்கத்திலேயே வைத்த குற்றச்சாட்டு. வாரியம் தானே தாக்கல் செய்த கோப்புகளில் அதற்கான ஆதாரம் இருந்தது. பார்வையில்லாத ஒருவரைப் பணிப்பட்டியலில் வைத்துக்கொண்டு வேலை வாங்காமல் சம்பளம் கொடுப்பதா என்ற எண்ணம் சில அதிகாரிகளிடம் இருந்தது. கடிதத்திலிருந்து "ஓய்வு பெற விரும்புகிறேன்" என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவரே கேட்டார், ஆகவே சட்டப் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று ஒருவரையொருவர் சமாதானப்படுத்திக்கொண்டார்கள். 1997 மார்ச் 21 அன்று அவர் பணி முடிக்கப்பட்டது. மனைவிக்குக் கேட்ட வேலையோ கடிதத்தோடு நின்றது. உயர் நீதிமன்றமும் கைவிட்ட பிறகே வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது.

உச்ச நீதிமன்றத்தின் வாசிப்பு நேர்மாறானது. சார்ஜ் மெமோவுக்கு விளக்கம் சொல்லும் கடிதத்தை, மனைவிக்கு வேலை தாருங்கள் என்ற நிபந்தனையோடு வந்த கடிதத்தை, விருப்ப ஓய்வு விண்ணப்பமாகப் படிக்கவே முடியாது என்றது. கண் போனால் வேலையும் போய்விடும் என்று நம்பிய ஒரு கடைநிலை ஊழியர், எத்தனை மன அழுத்தத்தில் அதை எழுதியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல என்றது. அடுத்து அது சொன்னதுதான் இந்த வழக்கின் உயிர் என்பேன்: அந்த நிலையில் அவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது, அவருடைய உரிமை என்ன என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது மேலதிகாரிகளின் கடமை. சட்டம் தருவது தர்மம் அல்ல, சமமான குடிமகனுக்குரிய உரிமை என்றும் எழுதியது.

தீர்வும் முழுமையானது. அவர் பணியில் தொடர்ந்ததாகவே கொள்ள வேண்டும். ஆண்டு ஊதிய உயர்வு, பதவி உயர்வு உள்ளிட்ட எல்லாப் பயன்களும் உண்டு. 1997 மார்ச் 22 முதல் சேர வேண்டிய சம்பளத்தில், ஏற்கெனவே கொடுத்த ஓய்வுக்காலப் பணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலும் வாரியத்துக்குத் திரும்ப வர வேண்டியது இருந்தால், வருங்காலச் சம்பளத்தில் சிறு தவணைகளாகப் பிடிக்க வேண்டும். பணிப்பதிவேட்டின்படி ஓய்வு வயது வரும்வரை அவர் வேலையில் இருப்பார். எல்லாம் ஆறு வாரத்துக்குள்.

பணத்தை வாங்கிவிட்டோமே, இனி வழக்குப் போட முடியாதே என்று பல குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. வாங்கிய பணம் கணக்கில் கழிக்கப்படும், அவ்வளவுதான். உரிமையை அது அழிக்காது. இதை ஐந்தாண்டுக்கு முன்பே, 2003-இல், குணால் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஸ்.எஸ்.பி. என்ற எல்லைப் பாதுகாப்பு அமைப்பில் காவலராக இருந்த அவருக்குப் பணியில் பட்ட காயம் அழுகி இடது கால் அகற்றப்பட்டது. 1998-இல் மருத்துவக் காரணத்தைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோமே என்பது அரசின் வாதங்களில் ஒன்று. ஓய்வூதியம் வாங்கினார் என்பதற்காக 47-ஆம் பிரிவின் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். யாரும் விரும்பி ஊனமடைவதில்லை. அவரைக் காக்காவிட்டால் அவரை நம்பியிருப்பவர்களும் சேர்ந்தே தவிப்பார்கள் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

ஓய்வில் அனுப்புவதற்கும் பணியில் வைப்பதற்கும் பணத்தில் என்ன வித்தியாசம்?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர் ஒருவர். வயது 48, பணிக்காலம் 25 ஆண்டு, அடிப்படைச் சம்பளம் ரூ.40,000. இன்று இயலாமை ஓய்வில் போனால் அடிப்படை ஓய்வூதியம் அதில் பாதி, ரூ.20,000. பணிக்கொடை ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம் என்ற கணக்கில் பன்னிரண்டரை மாதச் சம்பளம், அதாவது ரூ.5 லட்சம். அகவிலைப்படியை இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறேன்.

அவரே வேறு மேசைக்கு மாற்றப்பட்டு 60 வயதுவரை இருந்தால்? ஆண்டுக்கு 3 சதவீத உயர்வோடு, பதவி உயர்வே இல்லாவிட்டாலும், கடைசி அடிப்படைச் சம்பளம் சுமார் ரூ.57,000. ஓய்வூதியம் ரூ.28,500. பணிக்கொடை உச்சவரம்பான பதினாறரை மாதச் சம்பளம், சுமார் ரூ.9.4 லட்சம். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அடிப்படைச் சம்பளமாக வருவது சுமார் ரூ.68 லட்சம், அதே காலத்தில் ஓய்வூதியமாக வந்திருக்கக்கூடியது ரூ.28.8 லட்சம். அந்த இடைவெளியோடு முடிவதில்லை. குறைந்த கடைசிச் சம்பளம் ஓய்வூதியத்தையும் குறைக்கிறது, பின்னாளில் மனைவிக்கோ கணவருக்கோ வரும் குடும்ப ஓய்வூதியத்தையும் குறைக்கிறது. உடலில் ஊனம் வந்த அந்த வாரத்தில் போடும் ஒரு கையெழுத்து, துணையின் முதுமை வரைக்கும் கணக்கில் நிற்கும்.

"என் இடத்தில் மனைவிக்கு"

பகவான் தாஸ் தன் கடிதத்தில் மனைவிக்கு வேலை கேட்டது தனிப்பட்ட விசித்திரம் அல்ல. பெரும்பாலான குடும்பங்களில் இதே பேச்சுதான் நடக்கும். "நீங்க மெடிக்கல்ல ஓய்வு வாங்கிடுங்க, பையனுக்கு வாரிசு வேலை வாங்கிடலாம்." சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. குடும்பத்துக்கு ஒரு சம்பளம் வேண்டும் என்ற தவிப்புதான். ஆனால் கருணை அடிப்படையிலான பணி என்பது உரிமை அல்ல, நிர்வாகம் பரிசீலித்துத் தருவது. மத்திய அரசில் குரூப் சி நேரடி நியமனக் காலியிடங்களில் 5 சதவீதம்தான் அதற்கு ஒதுக்கீடு. மருத்துவ ஓய்வு என்றால் குறிப்பிட்ட வயதுக்கு முன் நடந்திருக்க வேண்டும், குடும்பம் வறிய நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. சட்டம் கையில் கொடுத்த சம்பளத்தை விட்டுவிட்டு, வருமா வராதா என்று தெரியாத வேலைக்காகக் காத்திருப்பது எனக்குச் சரியான பேரமாகத் தெரியவில்லை. தெரிந்தே ஒரு குடும்பம் அந்த முடிவை எடுத்தால் அது அவர்கள் உரிமை. தெரியாமல் எடுப்பதுதான் அநியாயம்.

இன்றைய சட்டமும் அதன் ஓட்டைகளும்

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்துவிட்டது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 47-ஆம் பிரிவு இப்போது 20-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. ஊன வகைகள் 7-இலிருந்து 21 ஆகின. ஊனத்தை மட்டும் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக்கூடாது என்பதும் தொடர்கிறது. பட்டியலில் பெயர் இல்லாத குறைபாடு என்றாலும் நிர்வாகம் கைகழுவிவிட முடியாது. நிறக்குருடு என்று ஓய்வில் அனுப்பப்பட்ட தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு வேறு பணி தரும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்ற வாசல் பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப் பணியாளர்கள் 20-ஆம் பிரிவிலிருந்து விலக்கப்பட்டார்கள். எஸ்.எஸ்.பி.யும் அதில் அடக்கம். குணால் சிங் வென்ற பாதுகாப்பு, அதே படையில் இன்று கால் இழக்கும் காவலருக்குச் சட்டப்படி இல்லை. ஊனமடையும் ஆபத்து மிக அதிகமான வேலையில் இருப்பவர்களைத்தான் இந்த விலக்கு வெளியே நிறுத்துகிறது. இது திருத்தப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

20-ஆம் பிரிவு பொருந்தாதவர்களுக்கு மிஞ்சுவது இயலாமை ஓய்வூதியம். இதில் ஒரு நல்ல மாற்றம் 2019 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் மத்திய அரசில் 10 ஆண்டு பணி முடிக்காதவருக்கு மாத ஓய்வூதியமே கிடையாது, ஒருமுறை கொடுக்கும் பணிக்கொடையோடு சரி. நான்காம் ஆண்டில் முதுகுத்தண்டு உடைந்தவர் வாழ்நாள் முழுக்க அந்தச் சிறு தொகையை வைத்து என்ன செய்வார்? இப்போது அந்த 10 ஆண்டு நிபந்தனை இயலாமை ஓய்வுக்கு இல்லை. காயம் பணியின் காரணமாகவே வந்தது என்று நிரூபணமானால், சாதாரண இயலாமை ஓய்வூதியத்தைவிடக் கூடுதலான சிறப்பு ஓய்வூதிய விதிகள் தனியே உண்டு. அப்படிக் காயமடைந்தவரைப் பணியிலேயே வைத்துக்கொண்டால் ஊன ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஒட்டுமொத்த இழப்பீடும் உண்டு. கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் மத்திய அரசு ஊழியர்கள் ஒரு படிவத்தைக் கவனிக்க வேண்டும். பணியில் இறந்தாலோ, இயலாமையால் பணி முடிக்கப்பட்டாலோ, பழைய ஓய்வூதிய விதிப்படி பயன் வேண்டுமா, தேசியத் திட்டத்தில் சேர்ந்த தொகை வேண்டுமா என்று முன்கூட்டியே தேர்வு செய்ய 2021-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பணியில் சில ஆண்டுகளே ஆனவருக்குச் சேர்ந்திருக்கும் தொகை சொற்பம். அவருக்குப் பழைய விதியே காப்பு. அதைத் தேர்ந்தால் அரசு செலுத்திய பங்கு அரசுக்குத் திரும்பும், ஊழியர் செலுத்தியது அவரிடமே வரும்.

இங்கே இன்னொன்று. ராஜினாமா, விருப்ப ஓய்வு, இயலாமை ஓய்வு மூன்றும் கோப்பில் வெவ்வேறு விதிகளைத் திறப்பவை. மத்திய அரசு ஓய்வூதிய விதிப்படி ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலமே இல்லாமல் போகும், ஓய்வூதியமும் அதோடு போகும். விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டு வேண்டும். மனம் உடைந்த நிலையில் "வேலையை விட்டுவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுப்பவருக்கு, எதை எழுதினோம் என்பது மாதங்கள் கழித்துத்தான் புரியும்.

தனியார் நிறுவனத்தில் என்றால்

பகவான் தாஸ் தனியார் நிறுவனத்தில் இருந்திருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது. பணியில் தொடரும் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இதை மாற்றவில்லை.

அங்கே கைகொடுப்பது பி.எஃப். கணக்கோடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995. முழுமையான, நிரந்தரமான ஊனம் என்றால் 10 ஆண்டு பணி தேவையில்லை, ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே ஓய்வூதியம் உண்டு. ஊனம் வேலையிடத்தில்தான் நேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாலை விபத்தில் நேர்ந்தாலும் பொருந்தும். ஊனமடையும்போது அவர் வேலையில் இருந்திருக்க வேண்டும், மருத்துவக் குழு சான்று தர வேண்டும். ஆனால் தொகையைப் பாருங்கள்: ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு ரூ.15,000. பன்னிரண்டு ஆண்டு வேலை செய்தவருக்கு மாதம் சுமார் ரூ.2,571. குறைந்தபட்சம் ரூ.1,000. ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது மருந்துச் செலவுக்கே காணாது.

ஆகவே மற்றதையும் விடாமல் கேட்க வேண்டும். பணிக்கொடைக்கு 5 ஆண்டு வேண்டும் என்று எல்லா அலுவலகத்திலும் சொல்வார்கள். ஊனத்தால் பணி முடிந்தால் அந்த 5 ஆண்டு நிபந்தனை கிடையாது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு வேலையால் நேர்ந்த நிரந்தர ஊனம் என்றால், இழந்த உழைப்புத் திறனின் அளவுக்கேற்ப வாழ்நாள் முழுக்க மாதாமாதம் தொகை உண்டு. பி.எஃப். சேமிப்பை ஓய்வு வயதுவரை காத்திராமல் முழுவதுமாக எடுக்கலாம்.

கடிதம் எப்படி இருந்திருக்க வேண்டும்

தீர்ப்பில் எனக்கு ஒரு மனக்குறை. அதிகாரிகளின் செயலை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் பதினோரு ஆண்டு சம்பளமின்றிக் கழித்த வாழ்க்கைக்கு நிலுவைச் சம்பளம் ஈடாகாது. எடுத்துச் சொல்வது கடமை என்றால், அந்தக் கடமையைச் செய்யாதவர்களுக்கு ஏதேனும் விளைவு இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால்தான் இதே வழக்கு வெவ்வேறு பெயர்களில் இன்றும் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

அதுவரை ஊழியர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊனமடைந்த அரசு ஊழியர் எழுதும் முதல் கடிதத்தில் ஓய்வு என்ற பேச்சே வரக்கூடாது. ஊனம் எப்போது நேர்ந்தது, சான்று இணைக்கப்பட்டுள்ளது, தற்போதைய வேலை பொருந்தவில்லை, 20-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தருக, இடமில்லையெனில் சூப்பர்நியூமரரி இடத்தில் வைத்திருக்க ஆணையிடுக. இவ்வளவே போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். வராத நாட்களுக்கு மெமோ வந்தால் அதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும்; இரண்டையும் ஒரே தாளில் கலந்ததுதான் பகவான் தாஸுக்கு எதிராகத் திருப்பப்பட்டது.

பதில் வராவிட்டால் அதே நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் போகலாம். 23-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்திருக்க வேண்டும், அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அங்கும் தீராவிட்டால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார், அதன் பிறகே நீதிமன்றம். பார்வை இழந்தவர் தானே படித்துப் பார்க்க முடியாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் முன், அலுவலகத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவர் அதை முழுவதுமாக அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.